காசு போட்டு ஆடும் பெட்டியின் கதை (கொஞ்சம் நீளமான பதிவு)



போன மாதம் எங்கள் வீட்டு டிவி பழுதாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நம் பழைய மாணவன்தான். 1997-ல் ஒன்பதாம் வகுப்பு, 'பி' பிரிவு. பெயர் வேண்டாம், உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். வேலையை முடித்துவிட்டுக் காபி குடிக்கும்போது கேட்டான்: "சார், வீடியோ கேம் கடையில வச்சு என்னைப் புடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

நன்றாகவே ஞாபகம் இருந்தது. பள்ளி நேரத்தில் கடைக்குள் நின்றவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தேன். அவன் அப்பாவை வரச் சொல்லி, "உங்க பையன் கெட்டுப் போறான்" என்று சொல்லி அனுப்பினேன். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"அன்னிக்கு நான் விளையாடவே இல்ல சார். கையில காசே கிடையாது. மிஷின் ரிப்பேர்னு பின்கதவைக் கழட்டி வச்சிருந்தாங்க. உள்ள என்னதான் இருக்குன்னு பாத்துக்கிட்டு நின்னேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

முப்பத்து மூன்று வருடம் சரித்திரப் பாடம் நடத்தியவன் நான். போர் ஏன் வந்தது, பேரரசு ஏன் விழுந்தது என்று உங்களையெல்லாம் காரணம் எழுதச் சொன்னவன். அன்று அந்தப் பையனிடம் "இங்கே என்னடா பண்றே?" என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தக் கடையில் இருந்த பெட்டியைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் இந்த ஒரு மாதமாக அதைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததைப் பாடம் நடத்துகிற மாதிரியே எழுதுகிறேன். பழக்கம் விடவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், டிவி இல்லாத காலத்துப் பெட்டி.

1931-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் டேவிட் காட்லீப் என்பவர் 'பேஃபிள் பால்' என்ற ஆட்டப் பலகையை விற்கத் தொடங்கினார். கடை மேசைமேல் வைக்கிற அளவுதான். மின்சாரம் கிடையாது. சரிவான பலகை, நிறைய ஆணிகள், சில குழிகள், உருளும் குண்டுகள். விலை பதினேழரை டாலர். நாடே வேலையில்லாமல் திண்டாடிய பெருமந்தக் காலம் அது. ஒரு சென்ட் காசுக்குக் கிடைக்கிற பொழுதுபோக்கு என்பதால் ஐம்பதாயிரத்துக்கு மேல் விற்றது. பின்பால் என்ற தொழில் இப்படித்தான் வளர்ந்தது.

உடனே ஒரு சிக்கல் வந்தது. மனிதன் சும்மா இருப்பானா? பலகையைத் தூக்கினான், சாய்த்தான், அடியில் தட்டினான், குண்டைத் தனக்கு வேண்டிய குழியில் விழ வைத்தான். ஹாரி வில்லியம்ஸ் என்ற வடிவமைப்பாளர் முதலில் பலகையின் அடிப்பக்கம் ஆணிகள் நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்தார். தட்டினால் கையில் குத்தும். வாடிக்கையாளரின் கையைக் கிழித்தால் வியாபாரம் எப்படி நடக்கும்? பிறகு அவர் வேறு வழிகளைத் தேடினார். அதில் நிலைத்தது ஊசல். ஓர் உலோக வளையத்துக்கு நடுவே சின்ன ஊசல் ஒன்று தொங்கும். பெட்டியை அதிகமாக ஆட்டினால் ஊசல் வளையத்தைத் தொடும், மின்சுற்று இணையும், ஆட்டம் முடிந்துவிடும். யாருக்கும் காயமில்லை, ஆனால் விதி மீறினால் தண்டனை உண்டு. இதைப் படித்தபோது நான் சிறிது நேரம் பிரம்பை நினைத்துக்கொண்டேன்.

ஆட்டப் பெட்டி செய்தவர்கள் எதிரில் நிற்கும் மனிதனைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றார்கள். இந்தக் கதை முழுவதும் அதுதான் வருகிறது.

இப்போது 1971-க்கு வருவோம். ஒரே வருடம், ஒரே கலிபோர்னியா மாநிலம், இரண்டு பெட்டிகள்.

இரண்டுக்கும் மூலம் ஒன்றே. 1962-ல் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றில் 'ஸ்பேஸ்வார்' என்ற ஆட்டத்தை உருவாக்கியிருந்தார்கள். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும். இதைக் காசு போட்டு ஆடும் பெட்டியாக்கினால் என்ன என்று இரண்டு தரப்பினர் தனித்தனியே யோசித்தார்கள்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பில் பிட்ஸ், ஹியூ டக் என்ற இருவர் நிஜமான கம்ப்யூட்டரையே வாங்கி ஆட்டத்தை வைத்தார்கள். பெயர் 'கேலக்ஸி கேம்'. மாணவர் சங்கக் கட்டடத்தில் வைத்தார்கள். ஓர் ஆட்டத்துக்குப் பத்து சென்ட். வரிசை கட்டி நின்று ஆடினார்கள் மாணவர்கள். ஆனால் அதைச் செய்ய ஆன செலவு சுமார் 20,000 டாலர். கணக்குப் போடுங்கள். இரண்டு லட்சம் ஆட்டம் ஆடினால்தான் போட்ட முதல் திரும்பும்! பிறகு மேம்படுத்திய வடிவம் 1979 வரை அங்கேயே இருந்தது. ஆனால் வியாபாரமாக வளரவில்லை.

இன்னொரு பக்கம் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி. இருவரும் ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர்கள். புஷ்னெல் கல்லூரிக் காலத்தில் யூட்டா மாநிலத்துப் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் வேலை பார்த்தவர். பொதுஜனம் எங்கே நிற்கும், எதற்குக் காசு கொடுக்கும் என்பதை நேரில் பார்த்தவர். கம்ப்யூட்டர் கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும், கம்ப்யூட்டரே இல்லாமல் சாதாரண மின்னணுச் சில்லுகளை இணைத்து, கடையில் விற்கும் கறுப்பு வெள்ளை டிவியில் ஆட்டத்தை ஓடவைத்தார்கள். பெயர் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்'. நட்டிங் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் தயாரித்தது.

அதன் பெட்டி அழகோ அழகு. புஷ்னெல் களிமண்ணில் சின்ன மாதிரி பிடித்தார். நீச்சல் குளம் செய்கிற ஒருவரைத் தேடிப் பிடித்து, அதே வளைவுகளோடு ஃபைபர்கிளாஸில் வார்த்தெடுத்தார்கள். ஒரு மூலைகூட இல்லாத, எதிர்காலத்திலிருந்து வந்து நிற்பதுபோன்ற உருவம். 1973-ல் வந்த 'சாய்லன்ட் கிரீன்' என்ற ஹாலிவுட் படத்தில் எதிர்காலத்து வீட்டுப் பொருளாக அந்தப் பெட்டியையே காட்டினார்கள்.

ஆனால் விற்பனை? ஆயிரத்துக்கு மேல் விற்றது, எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. திருப்ப இரண்டு பொத்தான், முன்னே செல்ல ஒன்று, சுட ஒன்று. விண்வெளியில் விசை கொடுத்தால் கலம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். இது பௌதிகம் படித்தவனுக்குப் புரியும். கல்லூரிப் பக்கம் ஆடினார்கள். வேலை முடிந்து மதுக்கடைக்கு வந்த தொழிலாளி குறிப்பைப் படித்தான், குழம்பினான், போய்விட்டான். எனக்குத் தெரிந்த சில பாடப்புத்தகங்கள் இப்படித்தான். அட்டை அருமையாக இருக்கும், பிள்ளைகளுக்கு உள்ளே எதுவும் புரியாது.

புஷ்னெலும் டாப்னியும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். 1972-ல் ஆளுக்கு 250 டாலர் போட்டு அடாரி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆலன் ஆல்கார்ன் என்ற இளைஞரை வேலைக்குச் சேர்த்தார்கள். பயிற்சிக்காக அவருக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தார் புஷ்னெல். இரண்டு மட்டை, ஒரு பந்து, நடுவில் ஒரு கோடு. ஒரு பெரிய நிறுவனம் கேட்டிருக்கிறது என்று பொய்யும் சொல்லிவைத்தார். உண்மையில் அது வெறும் வீட்டுப்பாடம்தான்! ஆனால் ஆல்கார்ன் செய்து முடித்தபோது ஆட்டம் அவ்வளவு நன்றாக வந்துவிட்டது. அதுதான் 'பாங்'.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். ரால்ஃப் பேயர் என்பவர் கண்டுபிடித்து மேக்னவாக்ஸ் நிறுவனம் விற்ற 'ஒடிசி' என்ற வீட்டுக் கருவியில் இதே போன்ற டேபிள் டென்னிஸ் ஆட்டம் ஏற்கெனவே இருந்தது. 1972 மே மாதம் அதன் செயல்விளக்கத்துக்குப் புஷ்னெல் போயிருந்தார். பின்னால் வழக்கு வந்தது, அடாரி பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

பாங் மாதிரிப் பெட்டியில் அழகு எதுவும் கிடையாது. 75 டாலர் விலையில் கடையில் வாங்கிய ஹிட்டாச்சி டிவி, அதைச் சுற்றி நாலடி உயர மரப்பெட்டி, திருப்ப இரண்டு குமிழ். துணி துவைக்கும் கடைகளில் இருக்குமே, அந்த மாதிரி காசு வாங்கும் கருவி ஒன்றைப் பக்கத்தில் மாட்டினார்கள். சன்னிவேல் என்ற ஊரில் ஆண்டி கேப்ஸ் என்ற மதுக்கடையில் கொண்டுபோய் வைத்தார்கள். கொஞ்ச நாளில் கடையிலிருந்து ஃபோன்: பெட்டி வேலை செய்யவில்லை. ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். சர்க்யூட்டில் ஒரு கோளாறும் இல்லை. காசு நிரம்பி வழிந்து, அதற்கு மேல் விழ இடமில்லாமல் கருவி அடைத்துக்கொண்டிருந்தது.

பாங்கின் விளையாட்டு விதி என்ன தெரியுமா? பந்தைத் தவறவிடாதே, அதிகப் புள்ளி வாங்கு. அவ்வளவுதான். மதுக்கடையில் இருந்த யாருக்கும் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு கையால் குமிழைத் திருப்பிக்கொண்டே இன்னொரு கையில் கோப்பையும் வைத்திருக்கலாம்.

ஆசிரியனாக எனக்கு இங்கேதான் சுவாரசியம் பிறந்தது. வகுப்பில் நமக்கு ஒரு வருடம் கிடைக்கிறது. இந்தப் பெட்டிக்குச் சில நொடிகள்தான். முன்பின் தெரியாத ஒருவனைத் தூரத்திலிருந்து கூப்பிட வேண்டும், என்ன செய்வதென்று சொல்லித்தர வேண்டும், காசு போட வைக்க வேண்டும், தோற்றபின் இன்னொரு முறை முயலலாம் என்று தோன்ற வைக்க வேண்டும். பக்கத்தில் ஆள் கிடையாது. எல்லாவற்றையும் பெட்டியேதான் செய்தாக வேண்டும்.

எப்படிச் செய்கிறது என்று மேலிருந்து கீழாகப் பாருங்கள்.

உச்சியில் நெற்றிப் பலகை, பின்னால் டியூப்லைட். ஆட்டத்தின் பெயர் இருட்டுக் கூடத்திலும் தூரத்திலிருந்தே தெரியும். அதன் கீழ் திரை, கொஞ்சம் பின்சாய்ந்து இருக்கும். நிற்கிறவன் கண்ணுக்கு நேராக இருக்கவும், கூரை விளக்கு கண்ணாடியில் பளிச்சிடாமல் இருக்கவும் அந்தச் சாய்வு. இரண்டு பக்கச் சுவர்களும் திரையைத் தாண்டி முன்னே நீண்டிருக்கும். பக்கத்துப் பெட்டியின் வெளிச்சம் விழாது, ஆடுகிறவனுக்குத் தனி அறைக்குள் நிற்பது போன்ற உணர்வு. பக்கச் சுவரில் பெரிய ஓவியம். அந்தக் காலத்துத் திரையில் நாலு கட்டம்தான் காட்டமுடியும். மீதிக் கற்பனையை ஓவியம் ஊட்டிவிடும். யாரும் ஆடாதபோது பெட்டி தானாகவே ஆடிக் காட்டிக்கொண்டிருக்கும். அது விளம்பரமும் ஆயிற்று, செயல்முறை விளக்கமும் ஆயிற்று.

முழங்கை உயரத்தில் கைப்பிடியும் பொத்தான்களும். முழங்கால் உயரத்தில் இரும்புக் கதவு, அதில் காசு போடும் துவாரம். உள்ளே விழும் காசு ஒரு சரிவில் உருண்டு ஓடும். அதன் விட்டத்தையும் எடையையும் சின்னத் தொட்டில் ஒன்று சோதிக்கும். அடுத்து ஒரு காந்தம். இரும்பு வாஷரைப் போட்டு ஏமாற்றினால் காந்தம் பிடித்துக்கொள்ளும். மற்ற உலோகமாக இருந்தால் காந்தப் புலத்தில் அதற்குரிய அளவில் வேகம் குறையும். சரியான வேகத்தில் வந்த காசு மட்டும் சரியான பள்ளத்தில் விழுந்து ஒரு மெல்லிய கம்பியைத் தட்டும், ஆட்டம் தொடங்கும். உங்கள் பௌதிக ஆசிரியர் எட்டிக் காந்தத்தை எவ்வளவோ கஷ்டப்பட்டு நடத்தினாரே, அது இங்கே இருந்திருக்கிறது!

பல பெட்டிகளில் அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு, உள்ளே பணப்பெட்டிக்கு வேறு பூட்டு. ரிப்பேர்காரர் கருவியைச் சரிசெய்யலாம், காசைத் தொட முடியாது.

உடம்பு பிளைவுட்டிலோ பார்ட்டிக்கிள் போர்டிலோ செய்தது. விளிம்பு உடையாமல் இருக்கச் சுற்றிலும் பிளாஸ்டிக் பட்டை. எடை நூறு கிலோவைத் தாண்டும். ஆனால் சாதாரணக் கதவு வழியே நுழையும் அகலத்துக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் எந்தக் கடைக்காரன் வாங்குவான்? பின்பக்கம் பூட்டுப் போட்ட கதவு, காற்றுப் போக ஓட்டைகள், உள்ளே பவர் சப்ளை, சர்க்யூட் பலகை, பிக்சர் டியூப். நம் பையன் பார்த்துக்கொண்டு நின்றது இதைத்தான்.

பாங் வெற்றிக்குப் பிறகு கையில் என்ன கொடுக்கலாம் என்று விதவிதமாக யோசித்தார்கள். 1974-ல் அடாரியின் 'கிரான் டிராக் 10' பெட்டியில் ஸ்டீயரிங், கியர், பெடல் எல்லாம் வந்துவிட்டன. 1976-ல் மிட்வே நிறுவனத்தின் 'சீ வுல்ஃப்' பெட்டியில் நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப் வழியாகக் கண்ணை வைத்துப் பார்க்கவேண்டும். 1978-ல் அடாரியின் கால்பந்து ஆட்டத்தில் கைப்பிடிக்குப் பதில் ஒரு பெரிய பந்து பதித்திருந்தார்கள். உருட்ட உருட்ட ஆள் ஓடும். உள்ளங்கை கொப்பளிக்கும் அளவுக்கு ஆடினார்கள்.

அதே 1978-ல் ஜப்பானில் டைட்டோ நிறுவனத்தின் டொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தை உருவாக்கினார். ஜப்பானில் பெரும்பாலும் காபிக் கடைகளில் வைத்தார்கள். அதற்கேற்ப அங்கே பெட்டி மேசையாக மாறியது. கண்ணாடி மேசைக்கு அடியில் திரை, மேலே காபிக் கோப்பை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. எதிரில் இருப்பவர் முறை வந்தால் படம் தலைகீழாகத் திரும்பி அவருக்கு நேராகும். அமெரிக்காவில் நின்று ஆடினார்கள், ஜப்பானில் உட்கார்ந்து ஆடினார்கள். ஆட்டம் ஒன்றுதான். மனிதர் பொழுதுபோக்கும் இடத்துக்குத் தக்கபடி பெட்டி உடம்பை மாற்றிக்கொண்டது.

நிற்கும் பெட்டியில் ஒரு வித்தை செய்தார்கள். திரை கறுப்பு வெள்ளைதான். அதன்மேல் வண்ணக் கண்ணாடித்தாள் பட்டைகளை ஒட்டினார்கள். திரையைப் பெட்டியின் அடிப்பக்கம் மேல்நோக்கிப் படுக்க வைத்து, சாய்ந்த கண்ணாடி ஒன்றில் பிரதிபலிக்கச் செய்தார்கள். கண்ணாடி பாதி ஊடுருவித் தெரியும் வகை. அதற்குப் பின்னால் நிலவின் தரையை ஓவியமாக வைத்தார்கள். ஆடுகிறவன் கண்ணுக்கு வேற்றுக்கிரகவாசிகள் நிலவின்மேல் மிதந்து வருவதுபோல் தெரியும். நாடக மேடைத் தந்திரம்தான்.

1980-ல் நாம்கோ நிறுவனத்தின் டோரு இவதானி 'பேக்மேன்' செய்தார். ஆட்டக் கூடம் என்றாலே ஆண்பிள்ளைகள் சுட்டுத்தள்ளும் இடம் என்றிருந்ததைப் பார்த்து, பெண்களும் ஜோடிகளும் வந்து ஆட வேண்டும் என்று நினைத்தவர் அவர். சுடுவது இல்லை, சாப்பிடுவது மட்டும்தான். ஒரே ஒரு கைப்பிடி, பொத்தானே கிடையாது. ஜப்பானில் அதன் பெயர் 'பக்மேன்'. அமெரிக்காவுக்கு வரும்போது பெயரை மாற்றினார்கள். ஏன்? பெட்டியின் நெற்றியில் உள்ள முதல் ஆங்கில எழுத்தில் ஒரு வளைவைச் சுரண்டிவிட்டால் கெட்ட வார்த்தையாகிவிடும்! நம் பள்ளிப் பெயர்ப்பலகையில் நீங்கள் செய்த வேலைகள் எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஒன்றுதான்.

அடுத்து வருவது விற்காமல் கிடந்த பெட்டிகளின் கதை. 1980-ல் நின்டெண்டோ நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை 'ரேடார் ஸ்கோப்' என்ற ஆட்டத்தை நம்பி மூவாயிரம் பெட்டிகளை வரவழைத்தது. ஆயிரம்தான் விற்றது. இரண்டாயிரம் பெட்டிகள் கிடங்கில் தூங்கின. கம்பெனியே மூழ்கும் நிலை. கிளையின் தலைவர் மினோரு அராகவா ஜப்பானில் இருந்த தன் மாமனாரிடம், அவர்தான் நின்டெண்டோ தலைவர், "இதே பெட்டிக்குள் வைக்க வேறு ஓர் ஆட்டம் அனுப்புங்கள்" என்று கெஞ்சினார். அந்த வேலை ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞருக்குப் போனது. அவர் பொறியாளர் அல்ல, தொழில்துறை வடிவமைப்பு படித்தவர், படம் வரைகிறவர். மூத்த பொறியாளர் குன்பெய் யோகோயின் மேற்பார்வையில் அவர் உருவாக்கியதுதான் 1981-ல் வந்த 'டாங்கி காங்'. குரங்கு பீப்பாய்களை உருட்ட, தச்சர் ஒருவர் தாண்டிக் குதித்து மேலே போகும் ஆட்டம். பின்னால் மாரியோ என்று உலகமே கொண்டாடிய உருவம் அதில்தான் பிறந்தது.

ஜப்பானிலிருந்து மாற்றுப் பாகங்கள் வந்தன. சியாட்டில் அருகே கிடங்கில் அராகவா, அவர் மனைவி, இன்னும் சிலர் சேர்ந்து தங்கள் கையாலேயே பெட்டி பெட்டியாகத் திறந்து பழைய பலகையைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். சிவப்பு நிறப் பெட்டிகள் முதலில் அப்படியே போயின, பிறகு புதிதாகச் செய்தவை நீலத்தில் வந்தன. உதவாது என்று ஒதுக்கிய பெட்டிதான் அந்த நிறுவனத்தைக் காப்பாற்றியது. உதவாது என்று நாம் ஒதுக்கிய பிள்ளைகளைப் பற்றியும் நினைத்துக்கொண்டேன்.

பெட்டி வேறு, ஆட்டம் வேறு என்ற எண்ணம் இப்படி வலுப்பட்டது. 1985-ல் ஜப்பானின் ஆட்டக் கருவித் தயாரிப்பாளர் சங்கம் 'ஜாமா' என்ற பொது இணைப்பு முறையை வகுத்தது. 56 தொடுமுனைகள் கொண்ட ஓர் இணைப்பு. எந்த முனையில் மின்சாரம், எதில் படம், எதில் ஒலி, எதில் கைப்பிடி என்று எல்லாருக்கும் ஒரே விதி. பழைய ஆட்டப் பலகையை உருவிவிட்டு வேறொரு கம்பெனிப் பலகையைச் செருகினால் போதும்.

நம் ஊருக்கு இந்தப் பெட்டி வந்த வழி இதுதான். தொலைதூரத்திலிருந்து நூறு கிலோ பெட்டியைக் கப்பலில் கொண்டுவரத் தேவையில்லை. பலகை மட்டும் வந்தால் போதும். நம் ஊர்க் கடையில் இருந்தவை உள்ளூர்த் தச்சர் பிளைவுட்டில் அடித்து, சன்மைக்கா ஒட்டி, டிவி பிக்சர் டியூபைப் பொருத்தியவை என்று நம் பையன் சொன்னான். நீங்களெல்லாம் 'முஸ்தபா கேம்' என்று சொல்வீர்களே, அது ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்டு டைனோசர்ஸ்'. அதில் வரும் நாலு வீரர்களில் ஒருவன் பெயர் முஸ்தபா. ஜப்பான்காரர் எழுதிய ஆட்டம் நம் ஊர் ஆசாரி அடித்த பெட்டிக்குள் ஓடியது, அந்த 56 முனைகளின் புண்ணியத்தில்.

பெட்டி இன்னும் பெரிதாகவும் வளர்ந்தது. 1985-ல் சேகா நிறுவனத்தின் யூ சுஸுகி 'ஹேங்-ஆன்' செய்தார். முழு மோட்டார் சைக்கிள் உருவத்தின்மேல் ஏறி உட்கார்ந்து, உடம்பைச் சாய்த்துத் திருப்பவேண்டும். அதற்கடுத்து மோட்டாரால் அசையும் இருக்கைகள் வந்தன. 1990-ல் 'ஆர்-360' என்ற இயந்திரம் ஆளைத் தலைகீழாகவே சுழற்றியது. வீட்டுக்கு வீடு கேம் கருவிகள் வந்துவிட்ட காலம். வீட்டில் கிடைக்காததைக் கொடுத்தால்தான் ஆள் வருவான் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

தவறிய முயற்சியும் உண்டு. 1987-ல் வந்த முதல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' பெட்டியில் பொத்தானுக்குப் பதில் பெரிய ரப்பர் திண்டுகள். எவ்வளவு வேகமாகக் குத்துகிறாயோ அவ்வளவு பலமான அடி திரையில் விழும். ஆடுகிறவர்கள் கை வலிக்கக் குத்தினார்கள், திண்டுகளும் தாங்கவில்லை. அதற்குப் பதிலாக லேசு, நடுத்தரம், பலம் என்று ஆறு பொத்தான்கள் வைத்தார்கள். 1991-ல் அதன் இரண்டாம் பாகம் அந்த ஆறு பொத்தானோடுதான் உலகத்தைப் பிடித்தது. எதிரில் நிற்பவன் என்ன செய்கிறான் என்று பார்த்துத் திருத்திக்கொண்டார்கள், ஹாரி வில்லியம்ஸ் ஆணியை எடுத்துவிட்டு ஊசலைத் தேடியது போல.

ஆனால் பெட்டியைப் பார்த்துப் பயந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை.

1942-ல் நியூயார்க் மேயர் லா கார்டியா பின்பால் பெட்டிகளைச் சூதாட்டம் என்று தடைசெய்து, சம்மட்டியால் தானே உடைத்துப் பத்திரிகைக்குக் காட்சி கொடுத்தார். முப்பத்து நாலு வருடம் தடை நீடித்தது. 1976-ல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகரசபைக் குழுவின் முன்னால் பெட்டியை வைத்து, குண்டு எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அதே வழியில் அனுப்பிக் காட்டினார். இது அதிர்ஷ்டமல்ல, திறமை என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டார்கள். 1981-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஸ்பேஸ் இன்வேடர்ஸைக் கட்டுப்படுத்த ஜார்ஜ் ஃபோக்ஸ் என்ற உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். 94-க்கு 114 என்ற கணக்கில் தோற்றது. அதே வருடம் பிலிப்பைன்ஸில் அதிபர் மார்கோஸ் வீடியோ கேம்களையே தடைசெய்தார்.

நான் மேயரும் அல்ல, அதிபரும் அல்ல. கையில் சம்மட்டியும் இல்லை. ஆனால் பிரார்த்தனைக் கூட்டம் இருந்தது.

பிள்ளைகள் பள்ளி நேரத்தில் கேம் கடையில் இருப்பது சரி என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டில் திருடிய காசில் டோக்கன் வாங்கியவர்களும் இருந்தார்கள், எனக்குத் தெரியும். இன்று பேரப்பிள்ளைகள் ஃபோனில் மூழ்கிக் கிடப்பதைப் பார்த்துக் கவலைப்படும் பெற்றோர்தான் உங்களில் பலர். அந்தக் கவலை நியாயமானதே. நான் சொல்வது ஒன்றுதான்: சம்மட்டியைத் தூக்குமுன் பிள்ளை எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று கேளுங்கள். பெட்டி செய்தவர்கள் காசுக்காகவாவது எதிரில் நின்றவனைக் கவனித்தார்கள். சம்பளம் வாங்கிய நான் கவனிக்கவில்லை.

அந்தப் பெரிய பிக்சர் டியூபை இப்போது யாரும் செய்வதில்லை. வெளிநாடுகளில் பழைய பெட்டிகளைத் தேடிப் பிடித்து, டியூபையும் பலகையையும் உயிர்ப்பித்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் 'தி ஸ்டிராங்' என்ற விளையாட்டு அருங்காட்சியகமே இவற்றைப் பாதுகாக்கிறது. நம் ஊர்ப் பெட்டிகள் என்னவாயின என்று அவனிடம் கேட்டேன். "கடை மூடினப்போ பழைய இரும்புக்குப் போட்டாங்க சார். ஒரு பலகை மட்டும் நான் வாங்கி வச்சேன். இன்னும் கடையில இருக்கு" என்றான்.

மறுநாள் கடைக்குப் போனேன். பரணிலிருந்து எடுத்துத் துடைத்துக் காட்டினான். ஒரு ஓரத்தில் வரிசையாக அந்தத் தொடுமுனைகள். மேலே 28, கீழே 28. எண்ணிப் பார்த்தேன். எது மின்சாரம், எது படம், எது ஒலி என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொல்லிக்கொடுத்தான். பாதிதான் எனக்கு ஏறியது. ஆனால் நன்றாகச் சொல்லிக்கொடுத்தான், பொறுமையாக.

அவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "என்ன சார் நீங்க" என்று கூச்சப்பட்டான். ஆனால் நான் அவனை நிற்க வைத்தது எல்லோர் முன்னாலும். அதனால் மன்னிப்பும் எல்லோர் முன்னாலும் இருக்கவேண்டும் என்றுதான் இந்தப் பதிவு. அன்று அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்தவர்கள் உங்களில் பலர். நான் செய்தது தவறு. அவன் தவறு எதுவும் செய்யவில்லை.

அந்தக் கடை ஞாபகம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். என்னிடம் மாட்டாமல் தப்பித்தவர்களும் தாராளமாக எழுதலாம். இனி யார் அப்பாவையும் வரச் சொல்ல மாட்டேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.